அடியிலிருந்து முட்டும் தண்ணீர்

கடலூர் ஓ.டி. ஸ்டேஷனில் ரயில் கிளம்பக் கால் மணி நேரம் இருக்கும்போதே பாட்டி ஜன்னல் சீட்டைப் பிடித்துவிட்டாள். எனக்கு மனைவி, உங்களுக்குப் பாட்டி முறை. அதனால் இங்கே பாட்டி என்றே இருக்கட்டும். மடியில் தூக்குவாளி, அதற்குள் புளிசாதம். பக்கத்துப் பையில் இரண்டு பாட்டில் தண்ணீர், ஒரு துண்டு, ஒரு குடை.

“நாப்பது கிலோமீட்டர்கூட இல்ல. நெய்வேலிக்கு எதுக்கு இத்தனை மூட்டை?” என்றேன்.

“இத்தாலியிலயும் இதையேதான் கேட்டீங்க. அப்புறம் பன்னெண்டு மணிக்கு டப்பாவைத் திறன்னு சொன்னது யாரு?”

அதுவும் உண்மைதான். எங்கள் மகள் இத்தாலியில் போலோன்யா என்ற ஊரில் படித்த காலத்தில் நாங்கள் ஒரு மாதம் அங்கே போய் இருந்தோம். அவளுக்குத் தேர்வு. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் ஒரு நாள் காலையில் நாங்கள் இருவர் மட்டும் ரயிலேறி மோதெனா என்ற ஊரைப் பார்க்கக் கிளம்பினோம். அதுவும் நாற்பது கிலோமீட்டருக்குள்தான். போய், சுற்றிப் பார்த்து, சாயங்காலம் திரும்பிவிட்டோம். அந்த ஊருக்கும் நம் நெய்வேலிக்கும் பூமிக்கு அடியில் ஒரு ஒற்றுமை இருக்கிறது. அது எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. நெய்வேலியில் ஒரு பெரிய பள்ளத்தின் விளிம்பில் நின்றபோதுதான் புரிந்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

ரயில் நகர்ந்தது. ஓ.டி. பக்கம் கடல் மட்டத்தைவிடக் கொஞ்சம்தான் உயரம். உப்பங்கழி, தென்னை, வயல். குறிஞ்சிப்பாடி வரைக்கும் வரப்பு மண்ணைக் கவனித்துக்கொண்டே போனேன். சாம்பல் கலந்த கறுப்பு. ஆறுகள் கொண்டுவந்து போட்ட வண்டல் அது. வடலூர் நெருங்கும்போது நிறம் மாறுகிறது. வெட்டிய பள்ளங்களின் ஓரம் செங்கல் பொடியைக் கொட்டியதுபோலச் சிவப்பு. நெல் குறைந்து முந்திரித் தோப்பு வருகிறது, நடுநடுவே பலா. பண்ருட்டிப் பலா என்று ஊர் ஊராக விற்கிறார்களே, அந்த மரங்களுக்குப் பிடித்த செம்மண் இதுதான்.

மண் நிறம் மாறினால் அடியில் பாறை மாறியிருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். இங்கே அடியில் இருப்பது கடலூர் மணற்பாறை. பாறை என்றதும் கருங்கல்லை நினைத்துக்கொள்ளாதீர்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காகப் படிந்து, அழுந்தி, இறுகிப் போனது. களிமண் அடுக்கு தண்ணீரை விடாது. மணல் அடுக்கு விடும். அதன் துகள்களுக்கு நடுவே சந்து இருக்கிறது, சந்தெல்லாம் தண்ணீர். ரவா லட்டில் நெய் இருப்பதுபோல என்றாள் பாட்டி. எனக்கு இதைவிட நல்ல உவமை கிடைக்கவில்லை.

வடலூரில் வண்டி நின்றது. இங்கே வள்ளலார் 1867-இல் ஏற்றிய அடுப்பு தருமசாலையில் இன்றைக்கும் அணையாமல் எரிகிறது. பசியோடு யார் போனாலும் சாப்பாடு உண்டு. திரும்பும்போது இறங்கலாம் என்று பாட்டி சொன்னாள். அடுத்த ஸ்டேஷன் நெய்வேலி.

ஸ்டேஷன் வாசலில் என் மச்சான் வண்டியோடு காத்திருந்தான். பாட்டியின் தம்பி. முப்பது வருஷத்துக்கு மேல் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நெய்வேலிக்காரர்கள் சுரங்கம் என்று சொல்வதில்லை, ‘மைன்ஸ்’ என்பார்கள். அனல்மின் நிலையம் என்பதும் இல்லை, வெறும் ‘தெர்மல்’. வீட்டு முகவரி கேட்டால் தெருப்பெயருக்கு முன்னால் பிளாக் நம்பர் வரும். டவுன்ஷிப்புக்குள் நுழைந்ததும் அகலமான தெருக்கள், இரண்டு பக்கமும் மரம், ஒவ்வொரு குவார்ட்டர்ஸுக்கும் ஒரு தோட்டம், தோட்டத்தில் மா இல்லாவிட்டால் பலா. ஷிஃப்ட் பஸ் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது.

“முதல்ல மைன்ஸ், அப்புறம் சாப்பாடு. அனுமதி வாங்கி வெச்சிருக்கேன் மாமா,” என்றான் மச்சான்.

பள்ளத்தின் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தினான். பள்ளம் என்ற சொல் அதற்குப் போதாது. எதிர்க்கரை தூசியில் மங்கித் தெரிந்தது. பக்கவாட்டில் பார்த்தால் பிரம்மாண்டமான படிக்கட்டு. மேல்படி சிவப்பு, அதற்குக் கீழே மஞ்சள், நடுவே வெள்ளைக் களிமண் கீற்று, எல்லாவற்றுக்கும் அடியில் கருத்த பழுப்பாக ஒரு பட்டை. அந்தப் பட்டைதான் லிக்னைட், பழுப்பு நிலக்கரி. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு சதுப்பில் நின்ற மரங்கள், விழுந்து, காற்றுப்படாமல் புதைந்து, இப்படி ஆகியிருக்கின்றன. லிக்னைட் என்ற பெயரே லத்தீனில் மரக்கட்டையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இத்தாலியில் இன்றைக்கும் மரக்கட்டைக்கு ‘லென்யோ’ என்றுதான் சொல்கிறார்கள்.

ஒவ்வொரு படியிலும் ஒரு இயந்திரம். ராட்டினம்போல ஒரு சக்கரம், சக்கரத்தின் விளிம்பெல்லாம் பல் வைத்த வாளிகள். சக்கரம் சுழலச் சுழல வாளி ஒவ்வொன்றும் மண்ணைச் சுரண்டி எடுத்து, மேலே போய், கன்வேயர் பெல்ட்டில் கொட்டிவிட்டு மறுபடியும் கீழே இறங்குகிறது. பெரிய இயந்திரத்தில் ஒரு வாளியின் கொள்ளளவு மட்டும் 1400 லிட்டர். உங்கள் மாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டி இருந்தால் அதைவிடப் பெரிது. தூரத்திலிருந்து பார்க்க மெதுவாகச் சுற்றுவதுபோலத்தான் இருக்கிறது. சக்கரத்தின் அடியில் ஒரு ஆள் நடந்து போவதைப் பார்த்த பிறகுதான் அதன் அளவு மண்டையில் ஏறுகிறது.

இந்த வகை இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. அங்கே மண் மிருது. இங்கே மணற்பாறை உப்புத்தாள்போல வாளிப் பற்களைத் தேய்த்துத் தீர்த்துவிட்டது. பிறகு வெடி வைத்துப் பாறையைத் தளர்த்திவிட்டு வெட்டப் பழகிக்கொண்டார்கள், பற்களையும் மாற்றி அமைத்தார்கள். 1957 மே 20-ஆம் தேதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். முதல் லிக்னைட் கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில். நடுவே நான்கு வருஷத்துக்கு மேல் வெறும் மண்ணைத்தான் அள்ளியிருக்கிறார்கள்!

“மேல இருக்கற மண்ணு பிரச்சினையே இல்ல மாமா. அள்ளினா போயிடும். நிஜமான எதிரி கீழ இருக்கான்,” என்றான் மச்சான். “தண்ணி.”

பள்ளத்தின் ஓரம் வரிசையாகக் குழாய்கள் தரையிலிருந்து தலையை நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு ஆழ்துளைக் கிணறு. எல்லாவற்றிலும் மோட்டார் ஓடும் மெல்லிய உறுமல். இரவு, பகல், தீபாவளி, பொங்கல் எதுவும் இல்லாமல் 1961-லிருந்து இங்கே தண்ணீர் இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இந்த லிக்னைட் கண்டுபிடிக்கப்பட்டதே தண்ணீரால்தான். ஜம்புலிங்க முதலியார் என்பவருக்கு நெய்வேலிக் கிராமத்தில் நிறைய நிலம் இருந்தது. 1930-களில் விவசாயத்துக்காக அவர் போர் போட்டார். தண்ணீரோடு கருப்பாக ஏதோ சேர்ந்து வந்தது. கிணறு தோண்டுகிற பலர், கெட்ட மண் என்று தூரப் போட்டிருப்பார்கள். அவர் அதை எடுத்து வைத்துக்கொண்டு அதிகாரிகளிடம் காட்டினார், விடாமல் காட்டினார். பிறகு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1940-களில் துளை போட்டுப் பார்த்து, அடியில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தது. 1956 நவம்பரில் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பிறந்தது. முதலியார் தம் நிலத்தில் நூற்றுக்கணக்கான ஏக்கரை இந்த வேலைக்குக் கொடுத்தார்.

அந்த நாட்களில் இந்தப் பக்கத்துப் போர்க் கிணறுகளுக்கு மோட்டார் தேவைப்படவில்லை. துளை போட்டால் போதும், தண்ணீர் தானே பொங்கி வரும். ஊற்றுக்கண் திறந்துவிட்டது என்பார்கள்.

“ஏங்க, அந்த மோதெனால கொடியில ஒண்ணு பாத்தமே, நினைவிருக்கா?” என்றாள் பாட்டி.

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. மோதெனாவில் 1099-இல் கட்டத் தொடங்கிய ஒரு பெரிய தேவாலயம் இருக்கிறது. பக்கத்தில் 86 மீட்டர் உயரக் கோபுரம், கொஞ்சம் சாய்ந்து நிற்கும். எல்லோரும் அதைத்தான் படம் எடுத்தார்கள். பாட்டி மட்டும் அந்த ஊர்ச் சின்னத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மஞ்சள் பின்னணியில் நீலச் சிலுவை. அதோடு இரண்டு முறுக்குக் கம்பிகள். “தச்சர் துளை போடற பர்மா மாதிரி இல்ல இருக்கு? ஊர்க் கொடியில யாராவது பர்மாவைப் போடுவாங்களா?” என்று அன்றைக்கே கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாத்தியார் புத்தி, ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

அது பர்மாதான். கிணறு துளைக்கும் பர்மா. மோதெனாக்காரர்கள் அந்த வேலையில் பல நூற்றாண்டுகளாகக் கெட்டிக்காரர்கள். அந்த ஊரில் பெர்னார்தீனோ ராமத்ஸீனி என்று ஒரு மருத்துவர் இருந்தார். எந்த வேலை செய்கிறவர்களுக்கு எந்த நோய் வரும் என்று 1700-இல் முதன்முதலாக ஒரு புத்தகமே எழுதியவர். சுரங்கத் தொழிலாளிகளும் அதில் உண்டு. நோயாளி வந்தால் ‘நீ என்ன வேலை செய்கிறாய்?’ என்றும் கேட்கச் சொன்னவர் அவர். அதற்கு முன்பே, 1691-இல், மோதெனாவின் கிணறுகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். அங்கே கிணறு தோண்டும் முறையே தனி. ஏறக்குறைய 63 அடிவரை சாதாரணமாகத் தோண்டுவார்கள். வழியில் பழைய காலத்து ஊரின் தெருவும் இடிபாடும் வரும், அதற்கும் கீழே சேறும் மக்கிய செடிகொடியும் வரும், பிறகு களிமண். அதுவரைக்கும் பொங்கும் ஊற்று எட்டிப் பார்க்காது. அந்த ஆழத்தில் பர்மாவை ஊன்றி இன்னும் 5 அடி துளைப்பார்கள். அவ்வளவுதான். துளைத்த இடத்திலிருந்து தண்ணீர் மணலையும் கூழாங்கல்லையும் அடித்துக்கொண்டு பீறிடும், கொஞ்ச நேரத்தில் கிணறு விளிம்புவரை நிறைந்துவிடும். உள்ளே இருக்கிற ஆள் அதற்குள் மேலே ஏறியாக வேண்டும்.

நெய்வேலியில் நடந்ததும் மோதெனாவில் நடந்ததும் ஒன்றேதான். இரண்டுக்கும் காரணம் ஒரு சாய்வான மணல் அடுக்கு, அதன்மேல் மூடிபோல ஒரு களிமண் அடுக்கு. மோதெனாவுக்குத் தெற்கே மலை. அங்கே பெய்யும் மழையும் ஆற்று நீரும் கூழாங்கல் அடுக்குக்குள் இறங்கி, களிமண்ணுக்கு அடியில் ஊருக்குக் கீழே வந்து சேருகின்றன. நெய்வேலிக்கு வடக்கிலும் வடமேற்கிலும் இருக்கும் மேட்டுநிலங்களில் மணற்பாறை தரைக்கு மேலே தலைகாட்டுகிறது. முந்திரிக்காட்டில் பெய்கிற மழை அங்கே உள்ளே இறங்குகிறது. இறங்கியது கடலை நோக்கிச் சாய்ந்த அடுக்கில் அங்குலம் அங்குலமாக நகர்ந்து, லிக்னைட்டுக்கு அடியில் வந்து மாட்டிக்கொள்கிறது. மேலே போக முடியாது, களிமண் தடுக்கிறது. பின்னால் இருந்து உயரத்துத் தண்ணீர் அழுத்திக்கொண்டே இருக்கிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் டியூப் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், பழையதாக இருக்கட்டும். ஒரு முனையைக் கெட்டியாக அடைத்துவிட்டுத் தண்ணீர் நிரப்புங்கள். திறந்த முனையை ஒருவர் மாடிப்படியில் தூக்கிப் பிடிக்கட்டும், மற்றதெல்லாம் தரையில் கிடக்கட்டும். தரையில் கிடக்கும் பகுதியில் ஒரு ஊசியால் குத்துங்கள். குட்டி நீரூற்று கிளம்பும். மேலே பிடித்திருப்பவர் ஒரு படி ஏறினால் ஊற்றும் உயரும். அவர் இறங்கினால் இதுவும் இறங்கும். டியூபின் ரப்பர்தான் களிமண், ஊசிதான் ராமத்ஸீனியின் பர்மா. அம்மாவிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். நல்ல டியூபைக் குத்திவிட்டு என் பெயரைச் சொல்லாதீர்கள்.

தானாகத் தண்ணீர் பொங்கினால் விவசாயிக்குக் கொண்டாட்டம். சுரங்கம் தோண்டுகிறவருக்கு அதுவே கண்டம். ஏன் என்று மச்சான் மண்ணில் குச்சியால் கணக்குப் போட்டுக் காட்டினான்.

லிக்னைட்டுக்கு அடியில் இருக்கும் தண்ணீர் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 6 முதல் 8 கிலோ எடைக்குச் சமமாக மேல்நோக்கித் தள்ளுகிறது. சதுர சென்டிமீட்டர் என்றால் உங்கள் சுண்டுவிரல் நகம் அளவு. அந்த நகத்தின்மேல் ஏழு கிலோ அரிசி மூட்டையை நிறுத்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அழுத்தம்தான், ஆனால் கீழிருந்து மேலே. ஒரு சதுர மீட்டருக்கு 10,000 சதுர சென்டிமீட்டர். ஆக ஒரு சதுர மீட்டர் தரையை அடியிலிருந்து தள்ளுவது 60 முதல் 80 டன். ஐந்து டன் யானைகள் பதினைந்து சேர்ந்து பூமிக்குள்ளிருந்து முட்டுகின்றன. ஒரு மேஜை அளவு இடத்தை!

“அப்போ இத்தனை கோடி வருஷமா தரை எப்படி வெடிக்காம இருந்துச்சு?” பாட்டி கேட்டாள். கேள்வி சரியான இடத்தில் வந்தது.

மேலே இருந்த மண்ணின் பாரம்தான் அமுக்கி வைத்திருந்தது. ஒரு கன மீட்டர் மண்ணும் பாறையும் சுமார் 2 டன் இருக்கும். 70 மீட்டர் கனத்துக்கு மண் இருந்தால் ஒரு சதுர மீட்டர்மேல் 140 டன். கீழிருந்து 80, மேலிருந்து 140. மேலே இருப்பவன் ஜெயிக்கிறான், தரை அசையாது. இப்போது சக்கர இயந்திரம் அந்த 70 மீட்டரையும் அள்ளிவிட்டது என்று வையுங்கள். மிச்சம் லிக்னைட் மட்டும். அது மண்ணைவிட லேசு. 15 மீட்டர் கனமான லிக்னைட்டின் பாரம் சதுர மீட்டருக்கு 20 டன்கூட வராது. கீழே 60, 80. மேலே 20-க்கும் குறைவு. பள்ளத்தின் அடித்தரை பூரிபோல உப்பி, வெடித்து, இயந்திரங்களோடு சேர்த்து எல்லாவற்றையும் முழுக அடித்துவிடும்.

பூரி என்று நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வாளியில் தண்ணீர் நிரப்பி, ஒரு காலிச் சொம்பை நிமிர்த்தியபடியே உள்ளே அமுக்கிப் பாருங்கள். கை வலிக்க வலிக்க மேலே தள்ளும். சொம்பு நிறைய மணலைப் போட்டு அமுக்குங்கள், சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். மணலைக் கரண்டி கரண்டியாக அள்ள ஆரம்பியுங்கள். ஒரு கட்டத்தில் சொம்பு தானே எழும்பும். எத்தனையாவது கரண்டியில் எழும்பியது என்று எண்ணிப் பாருங்கள். நெய்வேலிப் பொறியாளர்கள் சுரங்கத்தைத் திறக்கும்போது எண்ண வேண்டியிருந்தது அந்தக் கரண்டியைத்தான்.

மண்ணை அள்ளியும் ஆக வேண்டும், தரை எழும்பவும் கூடாது. என்ன வழி? வாளித் தண்ணீரைக் குறைத்துவிடுவது. அதற்காகத்தான் அந்தக் குழாய் வரிசை. பூமிக்குள் இருக்கும் தண்ணீர் அத்தனையையும் வற்றடிப்பதில்லை, அது நடக்கிற காரியமும் இல்லை. பள்ளம் தோண்டும் இடத்துக்குக் கீழே மட்டும் அழுத்தம் குறைகிற அளவுக்கு இறைக்கிறார்கள். சுரங்கம் முன்னால் நகர நகரக் கிணறுகளும் முன்னால் நகர்கின்றன. ஆமாம், நெய்வேலிச் சுரங்கம் நடக்கும். முன்பக்கம் வெட்டிய மண்ணைப் பெல்ட்டில் ஏற்றிக்கொண்டுபோய், லிக்னைட் எடுத்து முடித்த பின்பக்கத்துப் பள்ளத்தில் கொட்டிவிடுகிறார்கள். கொட்டிய மண்மேல் மரங்கள் வளர்ந்து நிற்பதை நாங்களே பார்த்தோம்.

இன்னொரு சங்கடம். இத்தனை ஆழத்துத் தண்ணீரை மேலே உட்கார்ந்துகொண்டு உறிஞ்ச முடியாது. இதற்கும் ஒரு இத்தாலிக்காரர் வருகிறார். உறிஞ்சு பம்பு எதுவானாலும் ஏறக்குறைய பத்து மீட்டருக்கு மேல் தண்ணீரை ஏற்றுவதில்லை என்ற சங்கதியைக் கலிலியோ 1638-இல் வெளிவந்த தன் புத்தகத்தில் எழுதியிருந்தார். ஏன் என்பதற்கு அவர் சொன்ன காரணம் சரியில்லை. அவருக்குப் பின் வந்த தோரிச்செல்லி 1643-இல் பாதரசத்தை வைத்துச் சோதித்துக் காரணத்தைப் பிடித்தார். நாம் ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சும்போது இளநீரை இழுப்பது நாம் அல்ல. ஸ்ட்ராவுக்குள் காற்றைக் குறைக்கிறோம். வெளியே இருக்கும் காற்று இளநீரை அழுத்தி உள்ளே ஏற்றுகிறது. காற்றின் பலம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. பத்து மீட்டர் உயரத் தண்ணீரின் பாரமும் அதே ஒரு கிலோ. அதற்கு மேல் காற்றால் தூக்க முடியாது. ஆகவே மோட்டாரையே கிணற்றுக்குள் இறக்கிக் கீழிருந்து தள்ள வேண்டும். சப்மெர்சிபிள் என்று ஊரில் போர் போடுகிற எல்லோரும் சொல்லும் மோட்டார் அதுதான்.

தோரிச்செல்லியின் இந்தக் கணக்கு ஒரு நல்ல அளவுகோலும்கூட. பத்து மீட்டருக்கு ஒரு கிலோ என்றால், 6 முதல் 8 கிலோ அழுத்தம் உள்ள நெய்வேலித் தண்ணீர் ஒரு குழாயில் 60 முதல் 80 மீட்டர் ஏறி நிற்கும். தரை தாழ்ந்த இடத்தில் போர் போட்டால் அது தானே பொங்குவதில் ஆச்சரியம் இல்லை.

சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. மச்சான் வீட்டில் சமைத்து வைத்திருந்தார்கள், பாட்டியின் புளிசாதத்தை மச்சானின் பேரப்பிள்ளைகள் தீர்த்தார்கள். சாப்பிட்டுக்கொண்டே இறைக்கிற தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டேன். தெர்மலுக்கு, டவுன்ஷிப் குழாய்களுக்கு, மிச்சம் கால்வாய் வழியாக வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய் வயல்களுக்குப் பாய்கிறது. அதே சமயம் சுற்று வட்டாரத்தில் தானாகப் பொங்கிய கிணறுகள் நின்றுபோயின. பிறகு ஆழப்படுத்த வேண்டியதாயிற்று. நெய்வேலி என்று பெயர் கொடுத்த பழைய கிராமமும் இன்னும் பல ஊர்களும் இடம்பெயர்ந்தன. நிலத்தைக் கொடுத்தவர்களின் வருத்தமும் கோபமும் இன்றுவரை செய்தியில் வருகின்றன. மச்சான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சொன்னான், “எங்க தாத்தா போர்ல தண்ணி ஆளு உயரத்துக்கு வரும்னு சொல்வாங்க. நான் அதை நிறுத்தற வேலையில முப்பது வருஷம் இருந்திருக்கேன்.” யாரும் ஒன்றும் பேசவில்லை.

கிளம்பும்போது ஒரு துண்டு லிக்னைட் கேட்டு வாங்கித் தந்தான். செய்தித்தாளில் சுற்றியிருந்தது. பிரித்துப் பார்த்தால் நிலக்கரி மாதிரி மினுமினுப்பு இல்லை. ஈரப்பலகை மாதிரி இருந்தது. ஒரு பக்கம் மரத்தின் ரேகைகூடத் தெரிந்தது. தொட்ட விரலில் ஈரம். பாட்டி முகர்ந்து பார்த்து, மழைக்காலத்து விறகு வாசம் என்றாள்.

நெய்வேலி லிக்னைட்டில் பாதி தண்ணீர். எடை போட்டால் ஒரு கிலோவில் அரைக் கிலோ. இதை எரிக்க வேண்டுமென்றால் முதலில் அதற்குள் இருக்கும் தண்ணீரை ஆவியாக்கியாக வேண்டும், அதற்கே கொஞ்சம் வெப்பம் செலவு. ரயிலில் ஏற்றித் தூர ஊருக்கு அனுப்பினால் நூறு வேகனில் ஐம்பது வேகன் தண்ணீர் போகிறது என்று அர்த்தம். போதாக்குறைக்குக் குவித்து வைத்தால் காற்றோடு சேர்ந்து சூடேறித் தானே பற்றிக்கொள்ளும். எனவேதான் சுரங்கத்தின் பக்கத்திலேயே தெர்மலைக் கட்டினார்கள். லிக்னைட் பெல்ட்டில் போகிறது, மின்சாரம் கம்பியில் போகிறது. முதல் தெர்மல் சோவியத் நாட்டின் உதவியோடு கட்டப்பட்டு 1962-இல் ஓடத் தொடங்கியது, முழுமையானபோது 600 மெகாவாட். 58 வருஷம் உழைத்துவிட்டு 2020-இல் நின்றது. இப்போது புதியவை ஓடுகின்றன.

திரும்பும் வழியில் வடலூரில் இறங்கினோம். தருமசாலையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அடுப்படியில் காய்ந்த விறகு அடுக்கி வைத்திருந்தார்கள். பாட்டி பையிலிருந்த லிக்னைட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இதை இவங்ககிட்ட குடுத்தா திட்டுவாங்க. இன்னும் காயவே இல்ல,” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறைத் தராசில் வைத்தோம். 400 கிராம். ஜன்னலோரம் ஒரு தட்டில் போட்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் எடை பார்த்துக் காலண்டரில் எழுதுகிறாள் பாட்டி. முதல் வாரம் 340. இரண்டாவது வாரம் 295. மூன்றாவது வாரம் எடை பார்க்கத் தட்டைத் தூக்கியபோது, நடுவில் விரிசல் விட்டிருந்த துண்டு மரச்செதில்போல இரண்டாகப் பிளந்து விழுந்தது. இரண்டையும் சேர்த்து வைத்து நிறுத்தாள். 270.